தாத்தாவுக்கு முதல் வருஷம் வருது, பேனர்ல என்ன போடறதுன்னு தெரியல, கொஞ்சம் சொல்லுங்க

பாலாத்துக்கரை_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு விரிஞ்சிபுரம் பக்கம், பாலாத்தை ஒட்டின ஊரு. போன வருஷம் ஆவணியில எங்க தாத்தா தவறிட்டாரு. அடுத்த மாசம் வருஷ தெவசம், அன்னைக்கே படத்திறப்பும் வச்சிருக்கோம், பேனர் வேலை என் தலையில விழுந்திருக்கு. பிரிண்ட் போடற கடையில ரெடியா ஒரு மாடல் வச்சிருக்காங்க, ரெண்டு பக்கம் குத்துவிளக்கு, மேல கண்ணீர் அஞ்சலி, கீழ மீளாத் துயரில் வாடும் மனைவி மகன்கள் மகள்கள் பேரன் பேத்திகள், நடுவுல படத்தை மட்டும் மாத்தினா முடிஞ்சது. எனக்கு அது புடிக்கல. எங்க தாத்தா அப்படி எல்லாருக்கும் பொருந்துற ஆளு இல்ல.

மூணு சிக்கல். ஒண்ணு, தோற்றம்னு என்ன தேதி போடறது. மிலிட்டரி பேப்பர்ல 1945 ஜூன் 1னு இருக்கு, ஆயா, எங்க பாட்டி, அது பொய்னு சொல்றாங்க. ரெண்டாவது, எந்த படம். யூனிபார்ம்ல எடுத்தது ஒண்ணு இருக்கு, அப்பா அதைத்தான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஆனா எனக்கு தெரிஞ்ச தாத்தா தோள்ல துண்டும் கையில மம்பட்டியுமா நெலத்துல நிக்கிறவரு, யூனிபார்ம்ல இருக்கிறவர நான் பாத்ததே இல்ல. மூணாவது, ரெண்டு வரி அவரைப் பத்தி எழுதணும். நாலு நாளா உக்காந்து யோசிக்கிறேன், எழுதறதெல்லாம் யாரோ ஒரு தாத்தாவுக்கு எழுதின மாதிரியே வருது.

சத்துவாச்சாரி_அக்கா:
தம்பி மனசு கஷ்டமா இருக்கு படிக்க. மொதல்ல தாத்தாவ பத்தி கொஞ்சம் சொல்லு, இன்னா வேலை பாத்தாரு, எப்படி இருப்பாரு, தெரிஞ்சா தானே நாங்க சொல்ல முடியும்.

பாலாத்துக்கரை_பேரன்:
சொல்றேன் அக்கா. 1963ல பட்டாளத்துக்கு போனாரு, சீனா சண்டை முடிஞ்சு நிறைய பேரை எடுத்த நேரம், எங்க சுத்துப்பட்டுல வூட்டுக்கு ஒருத்தர் போன காலம் அது. பெங்களூர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டற, கண்ணிவெடி எடுக்கிற மிலிட்டரி இன்ஜினியர் படை. 15 வருஷம் சர்வீஸ் முடிச்சு 1978ல பென்சனோட வந்துட்டாரு. அதுக்கப்புறம் மல்லாட்ட, கேவுரு, தண்ணி இருந்த வருஷம் நெல்லு. நடுவுல பத்து வருஷம் வேலூர்ல ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலையும் பாத்தாரு, நைட் டூட்டி முடிச்சு காலையில சைக்கிள்ல வந்து நேரா கயனிக்கு போவாரு, வந்து ரெண்டு உருண்டை களி சாப்டுட்டு தான் தூங்குவாரு.

சண்டையைப் பத்தி எங்ககிட்ட எதுவும் பேசமாட்டாரு. 1971ல மேற்குப் பக்கம் இருந்தாரு, கண்ணிவெடி எடுக்கிற வேலை, அவ்ளோ தான் தெரியும். நாங்க சின்ன பசங்க துருவி துருவி கேட்டா பாலம் கட்டின கதை மட்டும் சொல்லுவாரு. இரும்பு பேனல் ஒண்ணை ஆறு பேரு தூக்கணுமாம், கிரேன் கிடையாது, எல்லாம் கை தான். “ஒருத்தன் ஏமாத்தினா மீதி அஞ்சு பேரு இடுப்பு போச்சு”ன்னு சொல்லுவாரு. வூட்டுல கல்யாணம், அறுப்பு, யாருக்கினா உடம்பு சரியில்ல, எது வந்தாலும் இதே வார்த்தை தான். அறுப்பு நேரத்துல சித்தப்பா மெதுவா நழுவினா “ஆறு பேரு”ன்னு மட்டும் சொல்லுவாரு, சித்தப்பா திரும்பி வந்துடுவாரு. அவரை எடுக்கிற அன்னைக்கு தூக்க நாலு பேரு போதும்னு பெரியவங்க சொன்னாங்க. அப்பா இல்ல ஆறு பேரு தூக்கட்டும்னாரு. வேற யாருக்கும் அது ஏன்னு புரியல, எங்களுக்கு புரிஞ்சுது.

சாப்பர்_தம்பி_ஓய்வு:
பேரப்பிள்ளை, நானும் அதே சென்டர் தான், உங்க தாத்தாவுக்கு ரொம்ப ஜூனியர். அவர் சொன்னது பெய்லி பாலம். பேனல் 10 அடி நீளம் 5 அடி உயரம், 250 கிலோவுக்கு மேல வரும், ஆறு பேரு தான் கணக்கு, கம்பு கொடுத்து தூக்கணும். அதை தூக்கினவன் யாரும் அதை மறக்கமாட்டான். எங்களை எல்லாம் மத்த ரெஜிமெண்ட்காரங்க தம்பின்னு தான் கூப்பிடுவாங்க, பஞ்சாப்காரன் கூட தம்பின்னு தான் சொல்லுவான், அது அந்த சென்டருக்கே இருக்கிற பேரு.

தேதி விஷயம். 1963ல சேர்ந்தவர், பேப்பர்ல 1945, அப்போ 18. ஆயா பொய்னு சொன்னா அநேகமா வயசு கூட்டி சொல்லி சேர்ந்திருப்பாரு. அந்த காலத்துல இது சாதாரணம், பிறப்பு சர்டிபிகேட் யாருகிட்ட இருந்துச்சு. பேனர்ல நிஜ தேதியை போடுங்க, ஆனா ரெக்கார்டுல மட்டும் யாரும் கைய வைக்காதீங்க, ஆயாவோட பேமிலி பென்சன் அந்த பிபிஓவை, அதாவது பென்சன் ஆர்டர் பேப்பரை நம்பித்தான் ஓடுது. அதுல ஆயா பேரும் அவங்க பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு இப்பவே பாத்துடுங்க, 80 வயசு ஆனா 20 சதவீதம் கூட வரும், அப்போ போய் தேதி சரியில்லன்னு அலையக்கூடாது. நவம்பர்ல லைப் சர்டிபிகேட் மறக்காதீங்க. ஏதாச்சும் சந்தேகம்னா வேலூர்லயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, ஆயாவை அலையவிடாம நீங்க போங்க.

பாலாத்துக்கரை_பேரன்:
ரொம்ப நன்றிங்கய்யா. ஆயாகிட்ட மறுபடி கேட்டேன். அவங்க மாமியார் சொன்னதாம், “விய வருசம், மாசி மகத்துக்கு மறுநாளு பொறந்தான், ஊரே ஆத்துல கீது, நான் வூட்டுல வலியில கீறேன்”னு. தேதி எல்லாம் தெரியாது. இதுல இருந்து வருஷம் கண்டுபிடிக்க முடியுமா யாராச்சும்?

போளூர்_வாத்தியார்:
முடியும். தமிழ் வருஷம் 60ல விய 20வது. பிரபவ 1927ல ஆரம்பிச்சுது, அப்போ விய 1946 சித்திரையில இருந்து 1947 பங்குனி வரைக்கும். மாசின்னா 1947 பிப்ரவரி நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வரும், அந்த வருஷம் மார்ச் 7ஐ ஒட்டி பௌர்ணமி. அதனால உங்க தாத்தா பொறந்தது 1947 மார்ச் முதல் வாரத்து கடைசியில. சுதந்திரம் வரும்போது அஞ்சு மாசக் குழந்தை. பட்டாளத்துல சேரும்போது 16 வயசு. உங்க ஆயாவோட மாமியார் எழுதப் படிக்க தெரியாம சொல்லி வச்ச கணக்கு, அரசாங்க பேப்பரை விட சரியா இருக்கு பாருங்க.

பாலாத்துக்கரை_பேரன்:
ஐயா கை கூப்புறேன். இதை வூட்டுல சத்தமா படிச்சேன், அப்பா ரொம்ப நேரம் பேசல. பதினாறா, என் பையன் வயசுன்னு மட்டும் சொன்னாரு. என் தம்பிக்கு இப்போ 16, அவன் இன்னும் ஆயாகிட்ட தான் தலைக்கு எண்ணெய் வச்சுக்கிறான்.

காட்பாடி_ஜங்ஷன்:
ஒரு நிமிஷம். நான் ரெண்டு நாளா இந்த இழையை படிச்சுகினு கீறேன், ஒண்ணு கேக்கணும். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, உங்க பக்கம் தரைப்பாலம் மேல தண்ணி போனப்ப, கம்புல செவப்பு கைலி கட்டி நட்டுட்டு ஒரு பெரியவர் நின்னாரே, உயரமா, காக்கி ஸ்வெட்டர் போட்டுகினு, அவரா?

பாலாத்துக்கரை_பேரன்:
அவரே தான் அண்ணா!! அந்த ஸ்வெட்டர் மிலிட்டரி ஸ்வெட்டர், முழங்கையில ஒட்டு போட்டிருக்கும். நீங்க பாத்தீங்களா?

காட்பாடி_ஜங்ஷன்:
பாத்தேன்னா, அவர் என்னை திருப்பி அனுப்பினாரு. தங்கச்சி வூட்டுக்கு அவசரமா போய்கினு இருந்தேன், பைக்ல, தண்ணி முட்டி அளவு தான் தெரிஞ்சுது, போயிடலாம்னு நினைச்சேன். குறுக்க வந்து நின்னுட்டாரு. நான் கோவமா பேசினேன், நீ யாரு என்னை நிறுத்தறதுக்குன்னு கூட கேட்டேன். அவர் கோவப்படல. கரையில ஒரு குச்சி நட்டு வச்சிருந்தாரு, அதுல கரியில கோடு கோடா போட்டிருந்துச்சு. அதைக் காட்டி, “அரை மணி நேரத்துல ஒரு சாண் ஏறியிருக்கு, தண்ணி மேல பாக்காத தம்பி, அடியில பாலம் கீதா இல்லையான்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது”ன்னாரு. அந்த கடைசி வார்த்தை தான் என்னை நிறுத்துச்சு. எனக்கும் தெரியாதுன்னு சொன்னாரே. நான் பள்ளிகொண்டா பக்கமா சுத்திப் போனேன். அந்த பாலம் அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு ரெண்டு பொண்ணு. இத்தனை வருஷம் அவர் யாருன்னு தெரியாம இருந்தேன், ஒரு நாள் போய் பாத்திருக்கணும், போகல. நான் படத்திறப்புக்கு வரலாமா?

பாலாத்துக்கரை_பேரன்:
வாங்கண்ணா. கண்டிப்பா வாங்க. அன்னைக்கு காலையில அஞ்சு மணிக்கு போனவரு, போலீஸ் வந்து தடுப்பு வைக்கிற வரைக்கும் வரல, நான் தான் சோறு எடுத்துட்டு போனேன், நின்னுகினே சாப்டாரு. வூட்டுக்கு வந்து நடந்தது ஒண்ணும் சொல்லல, ஆத்துல தண்ணியைப் பாத்த சந்தோஷம் மட்டும் தான் பேசினாரு.

அவருக்கு அந்த ஆறு எப்படின்னா, அவங்கப்பா காலத்துல ஊத்துக்கால் தோண்டி தான் கயனிக்கு தண்ணி. வருஷா வருஷம் ஊரு கூடி ஆத்து மணல்ல கால்வாய் வெட்டுவாங்க, ஊத்து தண்ணி கண்ணாடி மாதிரி வரும், யாருக்கு எத்தினி நாழின்னு முறை இருக்கும். நந்தி மலையில பொறந்து 348 கிலோமீட்டர் ஓடற ஆறு, 222 நம்ம பக்கம் தான், நம்ம கண்ணுக்கு தெரிஞ்சதெல்லாம் மணல், அப்புறம் மணலும் போச்சு. தாத்தா 78ல திரும்பி வந்தப்ப ஊத்துக்கால் பாதி தூந்து போயிருந்துச்சாம், கொஞ்ச வருஷத்துல வெட்ட ஆளே வரல. அந்த முறை கணக்கு மட்டும் கடைசி வரைக்கும் மனப்பாடமா சொல்லுவாரு, திங்கக்கிழமை சாயந்தரம் யாரு, செவ்வாய் காலையில யாருன்னு, அந்த ஆளுங்க பாதி பேரு செத்து, மீதி பேரு நெலத்தை பிளாட் போட்டு வித்தாச்சு. வெள்ளம் வந்த அந்த வருஷம் எங்க கெணத்துல தண்ணி மேல வந்துச்சு, குனிஞ்சா சொம்புல மொண்டுக்கலாம். ஒரு சொம்பு மொண்டு ஆயாகிட்ட கொண்டு போய் கொடுத்தாரு. ஆயா அதுல தான் அன்னைக்கு உலை வச்சாங்க.

குடியாத்தம்_கைலி:
படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டேன். எங்க தாத்தா தறிக்காரர், அந்த தறி இப்போ இல்ல, தறிக்குழி மட்டும் இருக்கு, மூட மனசு வரல. அந்த செவப்பு கைலி எங்க ஊர்ல நெஞ்சதா இருக்கணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிறேன்.

மெட்ராஸ்ல_இருக்கிற_பேத்தி:
நான் இவனோட அக்கா. என் தம்பி ஒண்ணு சொல்லாம விட்டுட்டான், அவனுக்கு தெரியாது, எனக்கே போன வாரம் தான் தெரியும்.

தாத்தாவோட பச்சை டிரங்க் பெட்டியில ஆயா 1969ல இருந்து 78 வரைக்கும் அவர் போட்ட கடுதாசி எல்லாம் வச்சிருக்காங்க. 69ல தான் கல்யாணம், கல்யாணம் முடிஞ்சு இருபது நாள்ல திரும்பிப் போயிட்டாரு, வருஷத்துக்கு ரெண்டு மாசம் தான் லீவு. கடுதாசியில ஊர் பேரு இருக்காது, 56 ஏபிஓன்னு மட்டும் இருக்கும், அது மிலிட்டரி தபால் ஆபீஸ் நம்பர். ஆயா அம்பத்தாறுங்கறது ஒரு ஊருன்னு ரொம்ப நாள் நினைச்சிருக்காங்க, “அம்பத்தாறுல மழை பேஞ்சுதான்னு கேட்டு எழுதச் சொல்லுவேன்”னாங்க. ஆயாவுக்கு படிக்கத் தெரியாது, ஊரு வாத்தியார் தான் திண்ணையில உக்காந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிப்பாராம், மாமியார் மாமனார் நாத்தனார் எல்லாம் சுத்தி இருப்பாங்க.

எல்லா கடுதாசியிலயும் ஒரு வரி இருக்கு. “கொல்லைப்புறம் வைத்த மாதுளஞ்செடி எப்படி உள்ளது, வாடாமல் பார்த்துக்கொள்.” ஒண்ணு விடாம எல்லாத்துலயும். 71 டிசம்பர் முடிஞ்சு வந்த கடுதாசி ரொம்ப சின்னது, நாலே வரி, நான் நலம், அப்பாவுக்கு வேட்டி வாங்கிக் கொடு, எருமையை விற்க வேண்டாம், மாதுளஞ்செடி எப்படி உள்ளது. நான் அத்தைகிட்ட கேட்டேன், நம்ம வூட்டுல மாதுளை மரம் எப்போ இருந்துச்சுன்னு. அத்தை இல்லவே இல்லன்னாங்க. அப்பாவும் இல்லன்னாரு. ஆயாகிட்ட போய் கேட்டேன். வெத்தலை இடிச்சுகினு இருந்தாங்க, நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. “செடி இன்னாடி செடி, அது நான் தான்”னாங்க.

லீவு முடிஞ்சு போறப்ப ரெண்டு பேரும் பேசி வச்சுகினாங்களாம். ஆயா பதில் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுவாராம், “செடி நல்லாத்தான் கீது, தண்ணி தான் போதல”ன்னு. ஒரு தடவை வாத்தியார், பழம் காச்சா எனக்கு ரெண்டு குடும்மான்னு கேட்டாராம். ஆயா சிரிச்ச சிரிப்பு இருக்கே, தாத்தா போனதுக்கப்புறம் அப்படி நான் பாக்கல. அப்புறம் அழுதாங்க. அம்பத்தஞ்சு வருஷம் யாருக்கும் சொல்லாம வச்சிருந்ததை சொல்லிட்டோமேன்னு அழுதாங்க. இங்க எழுதலாமான்னு கேட்டுட்டு தான் எழுதறேன். “ஊரு பேரு போடாம எழுது”ன்னாங்க.

ஆரணிக்காரி:
எம்மா எம்மா. கையெல்லாம் நடுங்குது எனக்கு.

சத்துவாச்சாரி_அக்கா:
இதை விட அவரைப் பத்தி இன்னா எழுதணும் தம்பி. எழுத வேணாம், அது ஆயாவோடது. ஆனா நீ தேடினது கிடைச்சுடுச்சு.

பாலாத்துக்கரை_பேரன்:
எனக்கு அக்கா சொல்லவே இல்ல, இங்க தான் படிக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சு வரேன்.

பாலாத்துக்கரை_பேரன்:
படம் விஷயம் இன்னும் முடியல. அந்த பெட்டியிலயே ஒரு போட்டோ கிடைச்சுது, கல்யாணம் ஆன புதுசுல வேலூர்ல ஸ்டூடியோவுல எடுத்தது, தாத்தா நாற்காலியில உக்காந்திருக்காரு, ஆயா பக்கத்துல நின்னு நாற்காலி முதுகுல கை வச்சிருக்காங்க. யூனிபார்மும் இல்ல துண்டும் இல்ல, வெள்ளை சட்டை, 22 வயசு முகம். ஆயா இதைத்தான் போடணும்னு சொல்றாங்க, அவரைத் தனியா போடாதீங்கன்னு. ஆனா அத்தைங்க, உயிரோட இருக்கிறவங்க படத்தை அஞ்சலி பேனர்ல போடவே கூடாதுன்னு சண்டை.

சத்துவாச்சாரி_அக்கா:
அத்தைங்க சொல்றது சரி தான் தம்பி, தப்பா எடுத்துக்காத. மாலை போடற படத்துல உயிரோட இருக்கிறவங்க இருக்கக்கூடாது. வர்றவங்க எல்லாம் ஆயாவையும் சேர்த்து கும்பிட்டுட்டு போவாங்க, பாக்கிற பிள்ளைங்களுக்கு மனசு தாங்காது. அவரை மட்டும் தனியா எடுத்து போடுங்க.

ஆரணிக்காரி:
அக்கா நான் ஒண்ணு சொல்றேன். என் வூட்டுக்காரர் போய் மூணு வருஷம். எங்க கல்யாண போட்டோவுல இருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து பெருசு பண்ணி மாட்டினாங்க, நல்லா சிரிச்ச முகம் அதுல தான் இருந்துச்சு. என்னை யாரும் கேக்கல. அந்த நாள் நான் கேக்கிற நிலைமையிலயும் இல்ல. இப்போ தினமும் விளக்கு ஏத்தும்போது பாக்கிறேன், அவர் சிரிக்கிறது என் பக்கம் திரும்பி, ஆனா அந்தப் பக்கம் நான் இல்ல, நீலக்கலர் தான் இருக்கு. சாஸ்திரம் எனக்கும் தெரியும். ஆயா 74 வயசுல வாய் விட்டு ஒண்ணு கேக்கிறாங்க, எதிர்த்துப் பேசறதுக்கு முன்னாடி ஏன்னு ஒரு தடவை கேளுங்க.

சத்துவாச்சாரி_அக்கா:
நான் இதை யோசிக்கல. மன்னிச்சுக்கோம்மா. தம்பி, ஆயாகிட்டயே கேளு.

போளூர்_வாத்தியார்:
பேனர்ல அவர் மட்டும், வீட்டுக்குள்ள மாட்டற படத்துல ரெண்டு பேரும், மாலை இல்லாம. இப்படி செய்யலாமே.

பாலாத்துக்கரை_பேரன்:
கேட்டேன். எல்லாரையும் சுத்தி உக்கார வச்சு தான் கேட்டேன், அத்தைங்களும் இருந்தாங்க. ஆயா சொன்னது, “ஒம்பது வருசம் அவரு தனியா கீறாரு நான் தனியா கீறேன், அப்பவே போதும்னு ஆயிடுச்சு.” அத்தைங்க அதுக்கு மேல பேசல, பெரிய அத்தை எழுந்து உள்ள போயிட்டாங்க. அப்புறம் ஆயாவே சொல்லிட்டாங்க, வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே, பேனர்ல அவரை மட்டும் போடுங்க, கூடத்துல மாட்டறது ரெண்டு பேரும் இருக்கிறதா இருக்கணும், அதுக்கு மாலை வேணாம்னு. யூனிபார்ம் படத்தை அப்பா பந்தல்ல தனியா வைக்கிறாரு, அதுவும் சரி தான்னு இப்போ தோணுது, பதினாறு வயசுல போன பையன் போட்ட சட்டை தானே அது.

நேத்து டிசைன் பண்ற பையன் ப்ரூப் அனுப்பினான். தோற்றம் 1947 மாசி மகத்துக்கு மறுநாள், மறைவு 2024 ஆவணி. குத்துவிளக்கு இல்ல, மீளாத் துயர் இல்ல. கீழ ஒரே வரி, “ஆறு பேரில் ஒருவராகத் தூக்கியவர்.” யாருக்கு புரியுதோ புரியட்டும். படத்துல ஆயாவை எடுத்துட்டான், ஆனா நாற்காலி முதுகு மேல அவங்க விரலு நாலும் ஒரு வளையலும் மட்டும் நிக்குது, அது தாத்தா தோளோட ஒட்டி இருக்கிறதால எடுக்க வரல போல. அதை அழிச்சுடட்டுமா அண்ணான்னு போன்ல கேட்டான். நான் ஆயாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிகினு போனை கிட்ட வச்சு பாத்தாங்க, விரலால தொட்டு பெருசு பண்ணச் சொன்னாங்க.

“இருக்கட்டும்னு சொல்லு”ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, மத்தியானம் சாப்பாடு நம்ம வூட்டுல. காட்பாடி அண்ணா, விரிஞ்சிபுரம் கோயில் மதில்கிட்ட வந்து போன் பண்ணுங்க, நான் வந்து கூட்டிகினு போறேன். ஆயா உங்களைப் பாக்கணும்னு சொன்னாங்க.